சிட்னி நேரத்தில் ஒரு மலை

நைரோபியில் விமானம் இறங்கியதும் எல்லோரும் கடிகாரத்தைத் திருப்பினார்கள். யோகன் அத்தான் மட்டும் மறுத்துவிட்டார். வெளியே காலை ஏழு மணி, அவர் கையில் பிற்பகல் மூன்று. "எட்டு மணித்தியாலத்தைக் கழிச்சுப் பாக்க எனக்குத் தெரியும். நீ பேசாமல் வா" என்றார். முப்பது வருடம் சிட்னியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேரத்தைப் பற்றி அவருக்கு நான் என்ன பாடம் எடுப்பது என்று விட்டுவிட்டேன்.

அத்தான் என் அக்கா மலரின் கணவர். அக்கா போன வருடம் மாசியில் சிட்னி வெஸ்ட்மீட்டில், நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில், மூளையில் இரத்தம் கசிந்து மூன்று நாள் கிடந்து இறந்துபோனார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, தாரிணி. மெல்பேர்ணில், கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். படிப்பது கிளேட்டனில் என்றாலும் வேலை கென்யா மலையில். அங்கே உயரத்தில் மட்டும் வாழும் ஒரு தேன்சிட்டு எந்தப் பூவுக்கு எத்தனை தரம் வருகிறது என்று வருடத்தில் நாலு மாதம் எண்ணிக்கொண்டிருப்பாள். அக்கா விழுந்த அன்றும் அங்கேதான் இருந்தாள். சனிக்கிழமை நாங்கள் அனுப்பிய செய்திக்குத் திங்கட்கிழமைதான் விமானம் ஏறினாள். செவ்வாய் காலை அக்கா போய்விட்டார். புதன்கிழமை மகள் வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் காலநிலையைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். அங்கே மழையா, இங்கே வெயிலா, அவ்வளவுதான். தொலைபேசி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த வருடம் அக்காவின் ஆட்டைத் திவசம், முதலாம் வருடத் திவசம், வந்தபோது தாரிணி மறுபடியும் மலையில் இருந்தாள். பூக்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. "அவள் வராட்டில் நாங்கள் போவம்" என்று அத்தான் சொன்னபோது குடும்பமே நெகிழ்ந்துபோனது. மலையில் மகளைப் பார்த்துவிட்டு இறங்கி, ஞாயிற்றுக்கிழமை நைரோபியில் ஒரு கோயிலில் மூன்று பேருமாகத் திவசம் செய்வது என்று ஏற்பாடு. திதி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த ஐயரைக் கேட்டேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஞாயிறு மத்தியானம் என்றார். நானும் குறித்துக்கொண்டேன்.

திவச விஷயத்தில் அத்தான் கண்டிப்பானவர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அக்காவின் முப்பத்தோராம் நாள் சிட்னியில், நார்த்மீட்டில் என் வீட்டுப் பின்வளவில் காகத்துக்குச் சோறு வைத்தோம். காகம் வேலியில் இருந்து யோசித்துக்கொண்டிருக்க, எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கொக்கட்டுக் கிளி வந்து இறங்கி வடையைத் தூக்கிக்கொண்டு போனது. சனம் சிரித்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை. புதிதாக ஒரு இலையில் போட்டு, கையில் தடியோடு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார். காகம் வந்து தொட்ட பிறகுதான் அறுபது பேருக்கும் சாப்பாடு பரிமாறப்பட்டது.

நைரோபியிலிருந்து வடக்கே போகும் சாலையில் நாலு மணி நேரம். அத்தான் முன் இருக்கையில் இருந்துகொண்டு எதிரே வந்த ஒவ்வொரு மட்டாட்டு வண்டியின் சாரதிக்கும் மனதுக்குள் தண்டனை விதித்துக்கொண்டு வந்தார். மட்டாட்டு என்பது அங்கே ஓடும் தனியார் மினிபஸ். பாட்டும் ஹோர்னும் போட்டியாக அலற, நடத்துநர் கதவில் தொங்கிக்கொண்டு வருவார். யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸில் தொங்கிப் பழகிய எனக்கு அது சொந்த ஊர் போல இருந்தது. அத்தானுக்கு நெஞ்சு வலி வராத குறை.

நன்யுக்கி என்ற ஊருக்கு முன்னால் பூமத்திய ரேகையைக் காட்டும் மஞ்சள் பலகை ஒன்று நிற்கிறது. இறங்கிப் படம் எடுத்தோம். அதிலிருந்து கொஞ்சத் தூரத்தில் எங்கள் வாகனத்தின் டயர் போனது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. சாரதி பதற்றமே இல்லாமல் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் முட்டைக்கோஸ், எங்கள் பேச்சில் கோவா, ஏற்றிய லொறி ஒன்று நின்று ஜாக்கி கொடுத்தது. அத்தான் சேர்ட் கையை மடித்துக்கொண்டு இறங்கி, சாரதியைத் தள்ளிவிட்டு, தானே டயரை மாற்றினார். அன்று முழுவதும் அவர் சந்தோஷமாக இருந்த ஒரே பத்து நிமிடம் அதுதான்.

டயரை மாற்றி நிமிர்ந்தபோது முகில் விலகி மலை தெரிந்தது. கோதுமை வயல்கள் மெல்ல மெல்ல உயர்ந்து, கரும் பச்சையாகக் காடு, அதற்கு மேல் மண்ணிறம், எல்லாவற்றுக்கும் மேலே உடைந்த பல்லைப் போல இரண்டு பாறை முனைகள். ஒரு காலத்தில் இது எரிமலையாம். வெளிச்சுவர் எல்லாம் காலப்போக்கில் கரைந்துபோய், தொண்டைக்குள் இறுகிக் கிடந்த குழம்புதான் இப்போது உச்சியாக நிற்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனி. அதுவும் இப்போது கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அத்தான் மலையைப் பார்த்தார். பிறகு சேர்ட் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, எதையோ எழுதினார்.

"என்ன அத்தான் எழுதுறியள்?"

"இவடத்தில இருந்து மலைப் பூங்கா வாசலுக்கு எவ்வளவு நேரம் எண்டு."

"எதுக்கு?"

அவர் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு சாரதிக்கு விளங்காத மொழிதான் என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மூண்டு நாள் மலர் வாசலைப் பாத்துக்கொண்டு கிடந்தவ. சனிக்கிழமை சொன்னதுக்குத் திங்கள் பிளேன் ஏறினவள். இடையில என்ன செய்தவள்? ஒருக்கா நடந்து பாத்தால் தெரியும்தானே."

மகளைப் பார்க்கத் துடிக்கிற தகப்பன் என்று நாங்கள் எல்லோரும் நினைத்த மனிதர், மகள் சொன்னது சரியா என்று அளந்து பார்க்கத்தான் பாதி உலகம் தாண்டி வந்திருக்கிறார். திரும்பிப் போவோம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு நானும் வாகனத்தில் ஏறினேன்.

புதன்கிழமை காலை பூங்காவின் வாசலில் எங்கள் வழிகாட்டி முவாங்கி காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அத்தானின் கையைப் பிடித்து நெடுநேரம் விடாமல், "உங்கள் மகளோடு நடந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தான் தலையை ஆட்டிவிட்டுக் கொப்பியை எடுத்தார்.

முதல் நாள் நடை காட்டு வழி. நெடு நெடு என்ற மரங்களில் தாடி தாடியாகப் பாசி தொங்கியது. பாதை நடுவே யானைச் சாணம், அதில் ஆவி இன்னும் அடங்கவில்லை. முவாங்கி குனிந்து பார்த்துவிட்டு எங்களைக் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னார். யானையை நாங்கள் காணவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேலே கொப்புகளில் கொலோபஸ் குரங்குகள், கறுப்புக் கோட்டுக்கு மேலே வெள்ளைச் சால்வை போட்டது போல. நாலைந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இலை தின்றன.

"யானையை விட எருமைதான் பயம்" என்றார் முவாங்கி. "இருட்டினால் இந்தப் பாதையில் நாங்கள் யாரும் நடப்பதில்லை."

கீழ் முகாமுக்கு ஐந்து மணி நேரம் எடுத்தது. மரத்தால் கட்டிய ஒரு பழைய விடுதி. உகாலியும் கீரையும் தந்தார்கள். உகாலி என்பது வெள்ளைச் சோள மாவைக் கொதிநீரில் கிண்டியது, நம்மூர்க் களியின் ஒன்றுவிட்ட சகோதரம். கையால் உருட்டிக் குழிவாக்கி, அதற்குள் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். நான் இரண்டு தரம் வாங்கினேன். அத்தான் குழந்தைப்பிள்ளை போல அளைந்துகொண்டிருந்தார்.

அந்த முகாமில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் தொலைபேசிக்குச் சிக்னல் வரும். போய் நின்றேன். யாழ்ப்பாணத்திலிருக்கும் என் அண்ணாவிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. "தயா, மலருக்குச் சனிக்கிழமை மத்தியானம்தானே திதி. நாங்கள் இஞ்ச ஐயருக்குச் சொல்லிப்போட்டம். நீங்கள் அங்க என்ன மாதிரி?"

சனிக்கிழமை. எனக்குத் தலை சுற்றியது, உயரத்தால் அல்ல. திரும்ப அண்ணாவுக்கு அழைப்பு எடுத்துக் கேட்டேன். பஞ்சாங்கத்தைப் பார்த்து விளக்கினார். திதி சனிக்கிழமை காலையில் தொடங்குகிறது. சிட்னியில் அப்போது பிற்பகல் நாலு மணி, மத்தியானம் போய்விட்டது. ஆகவே அங்கே அடுத்த நாள் மத்தியானத்துக்குத்தான் அந்தத் திதி கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்கும் கென்யாவுக்கும் சனிக்கிழமையே மத்தியானத்தில் வந்துவிடுகிறது. நான் ஐயரிடம் சிட்னியில் நின்று கேட்டேன், அவர் சிட்னிக்குச் சொன்னார். கென்யாவில் செய்யப் போகிறோம் என்று ஒரு சொல் சொல்லாதது என் பிழை. ஊர் ஊராகப் பிரிந்துபோன எங்களுக்குத்தான் இப்படி ஒரே சாவுக்கு இரண்டு திதி வந்து சேரும்.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே திரும்பினால் சனி மத்தியானம் கோயிலில நிக்கலாம், அத்தான். தாரிணிக்குச் செய்தி அனுப்புவம், அவளும் இறங்கட்டும்."

"செய்தி அனுப்பினால் எப்ப கிடைக்கும்?"

நான் முவாங்கியைக் கேட்டேன். மேலே சிக்னல் கிடையாது, யாராவது நடந்துதான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

அத்தான் கொப்பியைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடினார். பிறகு, "மேல போவம்" என்றார். "பாக்க வந்ததைப் பாக்காமல் திவசம் செய்து என்ன? சனிக்கிழமை எங்க நிக்கிறமோ அங்க படைப்பம். காகம் இல்லாத இடம் உலகத்தில உண்டோ?"

வியாழக்கிழமை மரங்கள் முடிந்துவிட்டன. முழங்கால் உயரப் புதர், பிறகு குடுமி குடுமியாகப் புல். காற்று மெலிந்துபோனது. பத்து அடி வைத்தால் நெஞ்சு பறை அடித்தது. முவாங்கி "போலே போலே" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். மெல்ல மெல்ல என்று அர்த்தமாம். வளைவுக்கு வளைவு அத்தான் நின்று கொப்பியில் எழுதினார். மூச்சு வாங்குவதற்கும் அது ஒரு சாட்டாக இருந்தது.

ஒரு ஓடைக்கு மேல் இரண்டு மரக்குற்றிகளைப் போட்டுப் பாலமாக்கியிருந்தார்கள். அங்கே முவாங்கி நின்றார். அத்தானைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மனதை மாற்றிக்கொண்டு எங்கள் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி நிரப்பித் தந்தார்.

அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோது வேறு கிரகத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மரங்கள், தலையில் பெரிய கோவாவை வைத்தது போல இலைக்கொத்து. செத்த இலைகளை உதிர்க்காமல் உடம்பைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு நிற்கின்றன, குளிருக்கு. அவற்றின் நடுவே லொபீலியா என்ற செடி, சாம்பல் மயிர் போர்த்த தூண் மாதிரி ஆள் உயரத்துக்கு. இன்னொரு வகை லொபீலியா தரையோடு கிண்ணம் போல விரிந்து கிடக்கிறது, கிண்ணத்துக்குள் தண்ணீர். இரவில் மேல்தண்ணீர் உறைந்து, உள்ளே குருத்து உறையாமல் தப்பிவிடுமாம். பகலில் தோல் கருகுகிற வெயில், பொழுது பட்டால் எலும்பை உறைய வைக்கும் குளிர். இரண்டையும் ஒரே நாளில் தாங்குகிற செடிகள் இவை.

மேல் முகாமில் தாரிணி நின்றாள். மெலிந்து, உதடு வெடித்து, முகம் கறுத்துப்போயிருந்தாள். அப்படியே அக்காவின் நெற்றி. என்னைக் கட்டிப் பிடித்தாள். தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வந்திட்டீங்களா அப்பா?"

"ஓம். நல்ல குளிர்."

"ஓம் அப்பா. ராத்திரி இன்னும் குளிரும்."

காலநிலை முடிந்தது. அத்தான் கொப்பியை எடுத்து எழுதினார். கீழ் முகாமிலிருந்து எட்டரை மணி நேரம்.

அந்த முகாமைச் சுற்றிப் பாறைகளில் ஹைராக்ஸ் என்ற பிராணிகள் வெயில் காய்ந்தன. கொழுத்த முயலளவு, வாலும் இல்லை. உலகத்திலேயே யானைக்கு மிகக் கிட்டிய சொந்தக்காரர்களில் இதுவும் ஒன்று என்று தாரிணி சொன்னபோது நான் நம்பவில்லை. கூரைமேல் கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட பெரிய காகங்கள் இரண்டு இருந்தன. எங்கள் ஊர்க் காகத்தை விட இரட்டிப்பு உடம்பு, தடித்த அலகு. அத்தான் திருப்தியாகப் பார்த்தார். அவற்றுக்குக் கீழே கதவில் ஒரு பலகை தொங்கியது, விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு கொடுப்பது தடை என்று. அதை எழுதி மாட்டியதே தான்தான் என்றாள் தாரிணி. ஆட்கள் போடுகிற சோற்றுக்குப் பழகிய காகம் இங்கேயே தங்கிவிடும், பிறகு தேன்சிட்டின் கூட்டையும் விட்டுவைக்காது.

சனிக்கிழமைத் திவசத்தைப் பற்றி நான் சொன்னதும் அவள் பலகையையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் எங்களைத் தன் வேலை இடத்துக்குக் கூட்டிப் போனாள். முகாமிலிருந்து மேலே இன்னும் ஒரு மணி நேரம். லொபீலியாத் தூண் ஒன்றில், மயிருக்குள் ஒளிந்திருந்த நீலப் பூக்களில், பச்சையாக மினுங்கிக்கொண்டு ஒரு தேன்சிட்டு நெஞ்சை அமர்த்திக் குடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். அக்கா இருந்தால் கத்தியிருப்பார், குருவியும் பறந்திருக்கும்.

பிறகு தாரிணி காய்ந்து கறுத்து நின்ற ஒரு தூணைக் காட்டினாள். அதில் இலக்கம் அடித்த தகடு இருந்தது. "இது வாழ்க்கையில் ஒரு தரம்தான் பூக்கும், பூத்து விதை போட்டதும் செத்துவிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "போன வருடம் முவாங்கி வந்து சொன்னபோது இதற்கு முன்னால்தான் இருந்தேன்."

அத்தான் அந்தக் காய்ந்த தண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "இஞ்ச இருந்து றோட்டுக்கு இறங்க எத்தினை மணித்தியாலம்?"

தாரிணிக்கு விளங்கிவிட்டது. கொப்பியையும் அவள் கண்டிருக்க வேண்டும். முகம் அப்படியே இறுகியது. முதலில் ஆங்கிலத்தில், "சோதிக்கவா வந்தீர்கள்?" என்றாள். பிறகு தமிழில், "ஓம் எண்டு சொல்லுங்கோ அப்பா. அதுக்குத்தானே வந்தனீங்க?"

அத்தான் பொய் சொல்லாத மனிதர். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றார்.

அவள் திரும்பி நடந்தாள். நான் அத்தானை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவரை ஏசியது அதுதான் முதல் தரம்.

சனிக்கிழமை விடியற்காலையில் முகாமின் சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் தாரிணி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த உயரத்தில் தண்ணீர் போதிய அளவு சூடேறுவதற்கு முன்பே கொதித்துவிடும், சோறு இலேசில் வேகாது. சமையற்காரர் பிரஷர் குக்கரை மூன்று தரம் திறந்து பார்த்தார். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கோவாச் சுண்டல். சூடு ஆறாத பெட்டியில் அடைத்து முவாங்கி முதுகில் போட்டுக்கொண்டார். படைக்கிறவர் அதுவரை சாப்பிடக் கூடாது என்பதால் அத்தான் வெறும் தண்ணீரோடு கீழே இறங்கப் புறப்பட்டார்.

தாரிணி எல்லோருக்கும் முன்னால் போனாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. அத்தானுக்கு இறக்கம் பழக்கமில்லை, வெறும் வயிறு வேறு. இரண்டு தரம் சறுக்கி விழப் பார்த்தார். கொப்பியை எடுக்க மறந்துபோனார், அல்லது எடுக்கப் பலம் இல்லை. காகம் ஒன்று முகாமிலிருந்தே எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. சோற்றின் வாசனை அதற்குத் தெரியாதா என்ன.

மரக்குற்றிப் பாலத்துக்கு வந்தபோது மத்தியானம். தாரிணி ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு கல்லில் இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முவாங்கி பெட்டியை இறக்கி வைத்தார். அத்தான் கல்லில் சாய்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் முவாங்கி வாயைத் திறந்தார். ஓடைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

"போன வருடம் ஞாயிறு விடிய எனக்குச் செய்தி வந்தது. வாசலிலிருந்து ஓடினேன். ஆறு மணி நேரத்தில் மேல் முகாம். அவள் அங்கே இல்லை, இன்னும் மேலே பூக்களோடு இருந்தாள். சொன்னதும் பையைக்கூட எடுக்கவில்லை. இறங்கத் தொடங்கினாள். ஐஸ் மழை பெய்தது. சாப்பிடு என்று சொன்னேன், சாப்பிடவில்லை. கீழ் முகாமில் படுப்போம், இருட்டில் காட்டில் எருமை நிற்கும் என்றேன், கேட்கவில்லை. என் வாழ்க்கையில் இருட்டிய பிறகு அந்தக் காட்டில் நான் நடந்தது அன்றைக்கு மட்டும்தான்."

அத்தான் சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார்.

"வழி முழுக்க ஒரே கேள்வி, சிட்னியில் இப்போது என்ன நேரம், சிட்னியில் இப்போது என்ன நேரம். நான் எட்டைக் கூட்டிக் கூட்டிச் சொன்னேன். இந்தப் பாலத்தில் மட்டும் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் வந்தது. பிறகு எழும்பி நடந்தாள். வாசலுக்கு வரும்போது அவளுடைய சப்பாத்துக்குள் காலெல்லாம் இரத்தம்." ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு முவாங்கி சொன்னார். "இன்றைக்கும் காலையில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை."

திங்கட்கிழமைக்கு முன்னால் சிட்னிக்கு விமானம் இருக்கவில்லை என்பதை நான் எத்தனையோ தரம் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அது அவர் காதில் ஏறியதில்லை. இரத்தம் என்ற சொல் ஏறியது. அத்தான் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு இடையில் கண்ணீர் வழிந்தது. ஆஸ்பத்திரியிலும் அழாதவர், சுடலையிலும் அழாதவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் பாலத்தைத் தாண்டினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நார்த்மீட்டிலிருந்து பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்த வாழையிலை கறுத்துப்போயிருந்தது. அதைக் கழுவி விரித்தேன். அத்தான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தார். கற்பூரம் கொளுத்தவில்லை, நெருப்பு மூட்டவும் அங்கே தடை. கிழக்கே பார்த்துக் கும்பிட்டோம். தாரிணி சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டாள்.

காகம் பாலத்துக் குற்றியில் வந்து உட்கார்ந்தது. நாலடி தூரம்கூட இல்லை. தலையைச் சரித்து இலையைப் பார்த்தது.

முவாங்கி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். தடுக்க வேண்டியது அவர் வேலை. தாரிணி அதற்கு முன் வாய் திறந்தாள். "வையுங்கோ அப்பா" என்றாள், குரல் உடைந்து. "ஒருக்காத்தானே. அம்மாவுக்கு. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

அத்தான் ஒரு கவளம் சோற்றைப் பருப்போடு குழைத்து உருட்டினார். காகம் ஒரு அடி கிட்ட வந்தது. அத்தான் அதைப் பார்த்துக் கையை வீசித் துரத்தினார். காகம் எழும்பி ஓடைக்கு அப்பால் போய் இருந்தது. அவர் நேரே மகளிடம் போனார்.

"ஆ காட்டு" என்றார்.

"அப்பா, காகம் முதல்..."

"அண்டைக்கு வெறும் வயித்தோட இறங்கினனி. நீ முதல் சாப்பிடு. நீ சாப்பிட்டால் அவ சாப்பிட்ட மாதிரி."

தாரிணி வாயைத் திறந்தாள். முப்பது வயதுப் பிள்ளை, கண்ணீரும் சோறுமாக விழுங்கினாள். அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். மூன்று கவளம் கொடுத்த பிறகுதான் தன் வாயில் ஒன்றை வைத்தார். சோறு அரை வேக்காடு. முவாங்கியும் எங்களோடு இருந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் பொறுக்கி, இலையையும் மடித்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டோம். காகம் ஒன்றும் கிடைக்காமல் மலைப் பக்கம் பறந்து போனது.

புறப்படும்போது நான் வழக்கம்போலக் கேட்டேன். "அத்தான், மேலயிருந்து இவடத்துக்கு எத்தினை மணித்தியாலம் எடுத்தது?"

"பாக்கேல்ல" என்றார்.

பிறகு மகளின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, கடிகாரத்தின் குமிழை வெளியே இழுத்தார். "பிள்ளை, இஞ்ச இப்ப எத்தினை மணி?"

"பன்ரண்டு அம்பது அப்பா."

அவர் முள்ளை எட்டு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார்.